உதவி டி செல் எந்த வகையாக மாறும்? சமிக்ஞைகளைப் படிப்படியாகப் பின்தொடரும் முழுமையான வழிகாட்டி

லெய்ஷ்மேனியா மேஜர் என்னும் ஒட்டுண்ணியைச் சி57 பிளாக் 6 இன எலியின் பாதத்தில் செலுத்தினால், புண் சில வாரங்கள் வீங்கியிருந்து பிறகு தானாகவே ஆறிவிடுகிறது. அதே ஒட்டுண்ணியைப் பால்ப்-சி இன எலிக்குச் செலுத்தினால் புண் ஆறுவதில்லை. தொற்று உடலெங்கும் பரவி எலி இறந்துபோகிறது. முதல் எலியில், நோயெதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணுக்களான உதவி டி செல்கள் டிஎச்1 வகையாக மாறி, இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைனைச் (செல்களுக்கிடையே செய்தி சுமக்கும் புரதத்தை) சுரக்கின்றன. அதைப் பெற்ற மேக்ரோஃபேஜ்கள் என்னும் விழுங்கு செல்கள் தமக்குள் குடியேறிய ஒட்டுண்ணியைக் கொல்கின்றன. இரண்டாவது எலியில் அதே உதவி டி செல்கள் டிஎச்2 வகையாக மாறி இன்டர்லூக்கின்-4 (ஐஎல்-4) உள்ளிட்ட சைட்டோகைன்களைச் சுரப்பதால் மேக்ரோஃபேஜ்களுக்கு அந்தக் கொல்லும் திறன் கிடைப்பதில்லை. ஆனால் தொற்று ஏற்பட்ட தொடக்க நாட்களிலேயே ஐஎல்-4ஐ முடக்கும் எதிர்ப்பொருளைக் கொடுத்தால் பால்ப்-சி எலியும் பிழைத்துக்கொள்கிறது. நோய் நிலைபெற்ற பிறகு அதே எதிர்ப்பொருளைக் கொடுத்தால் பெரும்பாலும் பயன் இருப்பதில்லை.

இந்த ஒரு சோதனையில் உதவி டி செல் வேறுபாடடைதலின் சாரம் ஏறத்தாழ முழுவதும் அடங்கியிருக்கிறது. சமிக்ஞை எது என்பதைப் போலவே, அது எப்போது வந்தது, எவ்வளவு வலுவாக வந்தது, வேறு எந்தச் சமிக்ஞையோடு சேர்ந்து வந்தது என்பனவும் செல்லின் போக்கைத் தீர்மானிக்கின்றன. 1986இல் மாஸ்மன், காஃப்மன் ஆகியோர் எலியின் உதவி டி செல் வரிசைகளை அவை சுரக்கும் சைட்டோகைன்களைக் கொண்டு டிஎச்1, டிஎச்2 என இரண்டாகப் பிரித்துக் காட்டினர். பின்னர் டிஎச்17, எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி செல்களுக்கு உதவும் நுண்பை உதவி செல்கள், அழற்சியை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் ஆகியவை பட்டியலில் சேர்ந்தன. பாடநூல்கள் நடுவில் ஒரு செல்லை வரைந்து, அதிலிருந்து ஐந்து அம்புக்குறிகளை இழுத்து, ஒவ்வோர் அம்பின் மேலும் ஒரு சைட்டோகைனின் பெயரை எழுதிவிடுகின்றன. தேர்வுக்கு அந்தப் படம் போதும். ஆய்வுக்கூடத்தில் அதை அப்படியே நம்பினால் சோதனை முடிவுகள் புரியாமல் போகும். ஆகவே இங்கே அம்புக்குறிகளுக்கு முன்னால் நடப்பவற்றிலிருந்து தொடங்குவோம்.

படி 1: தொடக்க நிலையைச் சரியாக அறிதல்

தைமஸில் முதிர்ந்து வெளியேறிய, இதுவரை தன் ஆன்டிஜெனைச் (தான் அடையாளம் காணும் பொருளை) சந்திக்காத, சிடி4 என்ற புரதத்தை மேற்பரப்பில் தாங்கிய டி செல்தான் நம் தொடக்கப் புள்ளி. இது இரத்தத்திற்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் இடையே சுற்றிக்கொண்டிருக்கிறது. எலியில் இதன் மேற்பரப்பில் சிடி62எல் என்ற புரதம் மிகுந்தும் சிடி44 என்ற புரதம் குறைந்தும் இருக்கும். இந்நிலையில் ஐஎல்-4 மரபணுவோ இன்டர்ஃபெரான் காமா மரபணுவோ முழு வேகத்தில் இயங்குவதில்லை. ஆனால் அவற்றை இயக்கவல்ல படியெடுத்தல் காரணிகள் என்னும் புரதங்களின் மரபணுக்கள் முற்றிலும் பூட்டப்பட்டும் இல்லை. அவற்றின் டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் இயக்கத்தைக் குறிக்கும் மெத்தில் அடையாளமும் அடக்குதலைக் குறிக்கும் மெத்தில் அடையாளமும் அருகருகே காணப்படுகின்றன. எந்தப் பக்கமும் சாயக்கூடிய நிலை இது. சாய்ப்பதுதான் சமிக்ஞைகளின் வேலை.

படி 2: முதல் சமிக்ஞையை ஏற்பியிலிருந்து உட்கருவரை தொடர்தல்

நிணநீர் முடிச்சில், ஆன்டிஜெனைப் பிடித்து டி செல்லுக்குக் காட்டும் டென்ட்ரைட்டிக் செல் ஒன்று, இரண்டாம் வகை எம்ஹெச்சி மூலக்கூறில் ஆன்டிஜெனின் துண்டான ஒரு பெப்டைடை ஏந்தி நிற்கிறது. டி செல் ஏற்பி அதைப் பற்றும்போது, சிடி4 அதே எம்ஹெச்சி மூலக்கூறின் மற்றொரு பகுதியைப் பற்றி, தன் வாலில் ஒட்டியிருக்கும் எல்சிகே என்ற கைனேஸ் நொதியை ஏற்பியின் அருகே கொண்டுவருகிறது. ஏற்பியோடு இணைந்த சிடி3 புரதங்களின் உட்புற வால்களில் ஐடாம் எனப்படும் பத்துத் தொடர்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் இரண்டு டைரோசின்கள். எல்சிகே இவற்றின் மீது பாஸ்பேட்டை ஏற்றுகிறது. இரட்டைப் பாஸ்பேட் பெற்ற ஐடாமில் ஜாப்-70 என்ற அடுத்த கைனேஸ் வந்து அமர்ந்து, லாட், எஸ்எல்பி-76 என்னும் இணைப்புப் புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. அவற்றைச் சுற்றி ஒரு புரதக் கூட்டமே திரள்கிறது.

இந்தத் திரளில் ஃபாஸ்போலைபேஸ் சி-காமா1 என்ற நொதியைத்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும். இது செல் சவ்விலுள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறை இரண்டாகப் பிளக்கிறது. ஒரு துண்டு ஐபி3, மற்றொன்று டைஅசைல்கிளிசரால். ஐபி3 எண்டோபிளாச வலையிலுள்ள கால்சியத்தை வெளியேற்றுகிறது. உள்ளிருப்பு குறைந்ததை ஸ்டிம்1 என்ற புரதம் உணர்ந்து, செல் சவ்விலுள்ள ஓராய்1 வாயிலைத் திறக்கிறது. வெளியிலிருந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. உயர்ந்த கால்சியம் கால்சினியூரின் நொதியைத் தூண்ட, அது என்ஃபாட் என்ற படியெடுத்தல் காரணியின் பாஸ்பேட்டுகளை நீக்கி அதை உட்கருவுக்குள் அனுப்புகிறது. மறுபுறம் டைஅசைல்கிளிசரால், புரத கைனேஸ் சி-தீட்டா வழியாக என்எஃப்-கப்பா-பி காரணியையும், ராஸ் வழியாக ஏபி-1 காரணியையும் எழுப்புகிறது.

இவ்வளவு விவரம் எதற்கு என்று கேட்கலாம். மூன்று காரணிகளும் ஒரே ஏற்பியிலிருந்து கிளைத்தாலும், அவை எழும் வேகமும் அடங்கும் வேகமும் ஒன்றல்ல. கால்சியம் குறைந்தால் என்ஃபாட் விரைவில் உட்கருவை விட்டு வெளியேறிவிடும். ஆகவே டி செல் டென்ட்ரைட்டிக் செல்லோடு எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தது என்பதை என்ஃபாட் ஏறக்குறைய நேரடியாகப் பிரதிபலிக்கிறது. இந்தத் தொடரின் ஒரு கண்ணி அறுந்தாலும் விளைவு கடுமையாக இருக்கும். ஓராய்1 மரபணுவில் பழுதுடன் பிறக்கும் குழந்தைகளுக்குக் கடுமையான நோயெதிர்ப்புக் குறைபாடு உண்டாகிறது. உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் கொடுக்கப்படும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகிய இரு மருந்துகளும் கால்சினியூரினை முடக்கியே வேலை செய்கின்றன.

படி 3: இரண்டாம் சமிக்ஞை இருந்ததா என்று பார்த்தல்

ஒரு கை தட்டினால் ஓசை எழாது. டி செல் ஏற்பி மட்டும் தூண்டப்பட்டால் என்ஃபாட் உட்கருவுக்குள் செல்லும். ஆனால் அதற்குத் துணையாக ஏபி-1 போதுமான அளவில் இருக்காது. துணையற்ற என்ஃபாட் செல்லைச் செயலற்ற நிலைக்குத் தள்ளும் மரபணுக்களை இயக்குகிறது. டென்ட்ரைட்டிக் செல்லின் சிடி80, சிடி86 மூலக்கூறுகளை டி செல்லின் சிடி28 பற்றினால்தான் பிஐ3 கைனேஸ், ஏகேடி, எம்டார் ஆகிய புரதங்களின் சமிக்ஞை வழியும் இயங்கி, செல் பெருக்கத்திற்கும் டி செல்களை வளர்க்கும் சைட்டோகைனான ஐஎல்-2 சுரப்பிற்கும் வழி திறக்கிறது. சிடி80, சிடி86 மூலக்கூறுகளைச் சிடி28ஐவிட இறுக்கமாகப் பற்றும் சிடிஎல்ஏ-4 பின்னர் மேற்பரப்புக்கு வந்து கடிவாளம் போடுகிறது. அந்தக் கடிவாளத்தை அவிழ்க்கும் இபிலிமுமாப் என்ற எதிர்ப்பொருள் 2011இல் மெலனோமா புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது.

சிடி28இன் ஆற்றலை எளிதாக எடைபோடக் கூடாது என்பதற்கு 2006இல் லண்டனில் நடந்த மருந்துச் சோதனை ஒரு கசப்பான சான்று. முதல் சமிக்ஞை இல்லாமலேயே சிடி28ஐத் தூண்டும் எதிர்ப்பொருள் ஒன்றை நலமான ஆறு தன்னார்வலர்களுக்குச் செலுத்தியபோது, அறுவருக்கும் சில மணி நேரத்தில் சைட்டோகைன் புயல் மூண்டு, தீவிர சிகிச்சை தேவைப்பட்டது.

படி 4: சமிக்ஞையின் வலுவையும் நீளத்தையும் கணக்கில் எடுத்தல்

பலரும் தாண்டிச் செல்லும் படி இது. ஒரே பெப்டைடை ஒரே வகை டி செல்களுக்கு, சைட்டோகைன் எதையும் புறத்தே சேர்க்காமல், வெவ்வேறு அளவில் கொடுத்துப் பார்த்த எலிச் சோதனைகளில், குறைந்த அளவும் தளர்வான பிணைப்பும் டிஎச்2 பக்கமும், மிகுந்த அளவும் உறுதியான பிணைப்பும் டிஎச்1 பக்கமும் செல்களைச் சாய்த்தன. வலுவான தூண்டல் ஈஆர்கே என்ற கைனேஸின் வழியை நீண்ட நேரம் இயக்கத்தில் வைத்து, டிஎச்2 வகையை உருவாக்கும் காட்டா3 காரணியின் தொடக்க எழுச்சியையும் ஐஎல்-2 ஏற்பியின் வழி வரும் சமிக்ஞையையும் தற்காலிகமாக அடக்குகிறது. இவ்விரண்டும் இல்லாமல் ஐஎல்-4 மரபணு திறப்பதில்லை. அதாவது, சைட்டோகைன் வருவதற்கு முன்பே செல் ஒரு பக்கம் சற்றே சாய்ந்திருக்கக்கூடும்.

ஐஎல்-2 சமிக்ஞை இன்னொரு பிரிவையும் உண்டாக்குகிறது. தொடக்கத்தில் ஐஎல்-2ஐத் தாமே சுரக்கும் செல்கள் பெரும்பாலும் நுண்பை உதவி செல்களாகின்றன. அதைச் சுரக்காமல் பக்கத்துச் செல்லிடமிருந்து பெற்றுக்கொள்பவை பிற வகைகளாகின்றன. சுரப்பவன் ஒருவன், பயன் துய்ப்பவன் வேறொருவன். பெறும் செல்லில் ஐஎல்-2 ஸ்டாட்5 என்ற சமிக்ஞைப் புரதத்தைத் தூண்டி, ஸ்டாட்5 பிளிம்ப்-1 காரணியை எழுப்பி, நுண்பை உதவி செல்லுக்கு இன்றியமையாத பிசிஎல்6 காரணியை அடக்கிவிடுவதே இதற்குக் காரணம்.

படி 5: சைட்டோகைன் சமிக்ஞையை வகைவாரியாகப் பிரித்தறிதல்

பொதுவான இயக்கமுறை எளிது. சைட்டோகைன் தன் ஏற்பியின் சங்கிலிகளை ஒன்றுசேர்க்கிறது. அவற்றின் வால்களில் உள்ள ஜாக் கைனேஸ்கள் ஒன்றையொன்று தூண்டி, ஏற்பியின் டைரோசின்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கின்றன. அங்கே வந்து ஒட்டும் ஸ்டாட் புரதங்கள் தாமும் பாஸ்பேட் பெற்று, இரண்டிரண்டாக இணைந்து உட்கருவுக்குள் செல்கின்றன. ஜாக் குடும்பத்தில் நான்கு, ஸ்டாட் குடும்பத்தில் ஏழு புரதங்கள் மட்டுமே இருக்க, டஜன்கணக்கான சைட்டோகைன்கள் இவற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. எனவே எந்த ஸ்டாட் தூண்டப்பட்டது என்பதோடு, எந்த ஏற்பி அந்நேரத்தில் மேற்பரப்பில் இருந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

டிஎச்1 வகை இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. ஐஎல்-12 ஸ்டாட்4ஐத் தூண்டி டிஎச்1ஐ உண்டாக்குகிறது என்பது பாதி உண்மைதான். டி செல் ஏற்பி தூண்டப்பட்டுக்கொண்டிருக்கும் வரை ஐஎல்-12 ஏற்பியின் பீட்டா2 சங்கிலி அடக்கப்பட்டிருப்பதால், அந்த நேரத்தில் ஐஎல்-12 எவ்வளவு இருந்தாலும் செல்லுக்கு அது சரிவரக் கேட்காது. முதல் அலையில், இன்டர்ஃபெரான் காமா ஸ்டாட்1 வழியாகவும், டி செல் ஏற்பி தன் வழியாகவும் சேர்ந்து, டிஎச்1 வகையின் முதன்மைக் காரணியான டி-பெட்டை எழுப்புகின்றன. ஆன்டிஜென் தூண்டல் ஓய்ந்த பின்னரே பீட்டா2 சங்கிலி மேற்பரப்புக்கு வருகிறது. அப்போது ஐஎல்-12 ஸ்டாட்4 வழியாக டி-பெட்டின் இரண்டாம் அலையை உண்டாக்கி, அந்த நிலையை நிலைநிறுத்துகிறது. முதல் அலை மட்டும் கிடைத்து இரண்டாவது கிடைக்காத செல்கள் உறுதியான டிஎச்1 செல்களாவதில்லை.

டிஎச்2 வகையில் ஐஎல்-4 ஸ்டாட்6ஐத் தூண்ட, ஸ்டாட்6 காட்டா3ஐ உயர்த்துகிறது. காட்டா3, மனிதரில் 5ஆம் குரோமோசோமில் அருகருகே அமைந்த ஐஎல்-4, ஐஎல்-5, ஐஎல்-13 மரபணுக்களின் பகுதியைத் திறக்கிறது. அந்தப் பகுதி திறந்தே இருக்க ஐஎல்-2 தரும் ஸ்டாட்5உம் கைகொடுக்க வேண்டும். டிஎச்2 செல் தான் சுரக்கும் ஐஎல்-4ஐத் தானே பெற்று மேலும் உறுதிப்படுவதால், தொடக்கத்தில் ஏற்படும் சிறிய சாய்வும் சில நாட்களில் பெரிய வேறுபாடாகிவிடுகிறது. பால்ப்-சி எலிக்கு எதிர்ப்பொருளை முன்கூட்டியே கொடுக்க வேண்டியிருப்பதன் காரணம் இதுதான்.

டிஎச்17, ஒழுங்குபடுத்தும் டி செல் ஆகிய இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். பிரித்துப் படித்தால் இரண்டும் விளங்காது. டிஜிஎஃப்-பீட்டா என்ற சைட்டோகைன் ஸ்மாட் புரதங்கள் வழியாக, ஒழுங்குபடுத்தும் செல்லுக்குரிய ஃபாக்ஸ்பி3, டிஎச்17க்குரிய ரோர்-காமா-டி ஆகிய இரு காரணிகளையுமே எழுப்பவல்லது. ஐஎல்-6 இல்லாதபோது, குறிப்பாக ஐஎல்-2 உடனிருக்கும்போது, ஃபாக்ஸ்பி3 மேலோங்கி ரோர்-காமா-டியைப் பற்றி முடக்கிவிடுகிறது. செல் அழற்சியை அடக்கும் ஒழுங்குபடுத்தும் செல்லாகிறது. ஐஎல்-6 வந்துவிட்டால் ஸ்டாட்3 எழுந்து, ஃபாக்ஸ்பி3யைத் தணித்து, ரோர்-காமா-டிக்கு வழிவிடுகிறது. அதே செல் அழற்சியை மூட்டும் டிஎச்17ஆகிறது. ஐஎல்-23 அதனைப் பின்னர் நிலைப்படுத்துகிறது. டிஎச்17 செல்கள் சுரக்கும் ஐஎல்-17இன் மரபணுவின் அருகே ஸ்டாட்3உம் ஸ்டாட்5உம் ஒரே இடங்களுக்குப் போட்டியிடுவதால், ஐஎல்-2 டிஎச்17க்கு முட்டுக்கட்டையாகிறது. டிஜிஎஃப்-பீட்டாவின் அளவும் முக்கியம்: குறைந்த அளவு ஐஎல்-6உடன் சேர்ந்து டிஎச்17ஐ வளர்க்க, மிகுந்த அளவு ஃபாக்ஸ்பி3 பக்கம் இழுக்கிறது. குடல் டென்ட்ரைட்டிக் செல்கள் வைட்டமின் ஏயிலிருந்து உண்டாக்கும் ரெட்டினாயிக் அமிலமும் ஃபாக்ஸ்பி3 பக்கமே நிற்கிறது. மனிதச் செல்களில் ஐஎல்-1 பீட்டா, ஐஎல்-23 ஆகியவற்றின் பங்கு கூடுதலாகத் தெரிகிறது. எலிக்கு எழுதப்பட்ட செய்முறையை மனித இரத்தத்திலிருந்து பிரித்த செல்களுக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது.

நுண்பை உதவி செல்களுக்கு எலியில் ஐஎல்-6, ஐஎல்-21 ஆகியவையும், மனிதரில் ஐஎல்-12, ஆக்டிவின் ஏ ஆகியவையும் முதன்மையானவை. ஆனால் சைட்டோகைன் மட்டும் போதாது. பி செல்லோடு நேரடித் தொடர்பும் ஐகாஸ் ஏற்பியின் தூண்டலும் தொடர்ந்து கிடைத்தால்தான் பிசிஎல்6 நிலைக்கும்.

படி 6: நிலை எவ்வாறு பூட்டப்படுகிறது என்று அறிதல்

ஒரு காரணி தன் பக்கத்தை வளர்ப்பதோடு நிற்காமல் எதிர்ப்பக்கத்தையும் அழுத்துகிறது. டி-பெட் காட்டா3ஐப் பற்றி அதன் செயலைத் தடுக்கிறது. காட்டா3 ஸ்டாட்4ஐக் குறைக்கிறது. ஐஎல்-4 ஐஎல்-12 ஏற்பியின் பீட்டா2 சங்கிலியைக் குறைத்து எதிர்த்தரப்பின் காதையே அடைத்துவிடுகிறது. சில முறை செல் பிரிந்த பிறகு இந்தப் போட்டியின் முடிவு குரோமாட்டினில் (டிஎன்ஏவும் ஹிஸ்டோன்களும் சேர்ந்த அமைப்பில்) பதிவாகிவிடுகிறது: டிஎச்1 செல்லில் இன்டர்ஃபெரான் காமா மரபணு திறந்தும் ஐஎல்-4 மரபணு அடக்கும் அடையாளங்களால் மூடியும் இருக்கும், டிஎச்2 செல்லில் தலைகீழ்.

தைமஸில் உருவான ஒழுங்குபடுத்தும் செல்லில் ஃபாக்ஸ்பி3 மரபணுவின் ஒரு குறிப்பிட்ட பகுதியிலுள்ள டிஎன்ஏ மெத்தில் குழுக்கள் நீக்கப்பட்டிருக்கின்றன. ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் டிஜிஎஃப்-பீட்டா கொடுத்து உண்டாக்கிய செல்லிலோ அந்த நீக்கம் முழுமையடைவதில்லை. பார்வைக்கு இரண்டிலும் ஃபாக்ஸ்பி3 ஒன்றுபோலவே தெரியும்; ஆனால் சைட்டோகைனை விலக்கினால் இரண்டாவது செல் விரைவில் அதை இழந்துவிடுகிறது. சிகிச்சைக்காக இச்செல்களை வளர்க்க முயல்வோருக்கு இது பெரிய தலைவலி.

செல்லின் ஊட்டநிலையும் இந்தப் பூட்டலில் பங்குகொள்கிறது. எம்டார் புரதத்தின் முதல் கூட்டமைப்பு டிஎச்1, டிஎச்17 வகைகளுக்கும், இரண்டாவது டிஎச்2 வகைக்கும் தேவைப்படுவதாகவும், இரண்டும் இல்லாத செல் ஒழுங்குபடுத்தும் பக்கம் செல்வதாகவும் எலிச் சோதனைகள் காட்டியுள்ளன.

படி 7: கிண்ணத்தில் சரிபார்த்தல்

எலியின் மண்ணீரலிலிருந்து, ஆன்டிஜெனை இன்னும் சந்திக்காத சிடி4 செல்களைத் தூய்மையாகப் பிரித்தெடுங்கள். தூய்மை குறைந்து, முன்பே ஆன்டிஜெனைச் சந்தித்த நினைவுச் செல்கள் கலந்துவிட்டால், அவை தாமே சுரக்கும் ஐஎல்-4உம் இன்டர்ஃபெரான் காமாவும் சோதனையைக் கெடுத்துவிடும். சிடி3, சிடி28 ஆகியவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் முதல் இரு சமிக்ஞைகளாகின்றன. அதனுடன் டிஎச்1க்கு ஐஎல்-12உம் ஐஎல்-4ஐ முடக்கும் எதிர்ப்பொருளும். டிஎச்2க்கு ஐஎல்-4உம் இன்டர்ஃபெரான் காமாவை முடக்கும் எதிர்ப்பொருளும். டிஎச்17க்கு டிஜிஎஃப்-பீட்டா, ஐஎல்-6 ஆகியவற்றோடு ஐஎல்-4, இன்டர்ஃபெரான் காமா இரண்டையும் முடக்கும் எதிர்ப்பொருள்களும். ஒழுங்குபடுத்தும் செல்லுக்கு டிஜிஎஃப்-பீட்டாவும் ஐஎல்-2உம் சேர்க்கப்படுகின்றன. முடக்கும் எதிர்ப்பொருள்களைச் சேர்க்காமல் விடுவது சிக்கனமல்ல. எதிர்த்தரப்புக்குக் கதவைத் திறந்துவைப்பதாகும்.

நான்கைந்து நாட்களுக்குப் பின் செல்களைப் பிஎம்ஏ, அயனோமைசின் ஆகியவற்றால் சில மணி நேரம் மீண்டும் தூண்டி, சுரப்பு வெளியேறாதபடி பிரெஃபெல்டின் ஏ சேர்த்து, செல்லுக்குள்ளிருக்கும் சைட்டோகைனுக்குச் சாயமேற்றி, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பார்க்கிறோம். இரண்டாம் படியை நினைவிற்கொண்டால் இந்த இணை ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது விளங்கும்: பிஎம்ஏ டைஅசைல்கிளிசராலைப் போல நடிக்கிறது, அயனோமைசின் கால்சியத்தை உள்ளே விடுகிறது. ஏற்பியைத் தொடாமலேயே அதன் இரு கிளைகளும் இயங்கிவிடுகின்றன. ஆனால் பிஎம்ஏ சிடி4ஐ மேற்பரப்பிலிருந்து உள்ளிழுத்துவிடும். தூண்டிய பின் மேற்பரப்பில் மட்டும் சிடி4க்குச் சாயமேற்றிவிட்டுச் செல்களைக் காணோம் என்று தேடுவோர் உண்டு. சவ்வைத் துளைத்த பின்னும் சிடி4க்குச் சாயமேற்றினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

டிஎச்17 செல்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தால் முதலில் வளர்ப்பு ஊடகத்தைப் பாருங்கள். ஆர்பிஎம்ஐ ஊடகத்தைவிட ஐஎம்டிஎம் ஊடகத்தில் டிஎச்17 செல்கள் கூடுதலாக உருவாகின்றன. டிரிப்டோஃபேன் போன்ற அமினோ அமிலங்களிலிருந்து தோன்றும், அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பியைத் தூண்டும் பொருள்கள் அதில் மிகுந்திருப்பதே காரணம் என 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. ஊடகத்தில் சேர்க்கும் சீரத்திலும் டிஜிஎஃப்-பீட்டா இருக்கும் என்பதால், சீரத்தின் தொகுதி மாறும்போது முடிவும் மாறக்கூடும்.

படி 8: மனித நோய்களில் அதே தொடரைத் தேடுதல்

மனிதரில் இத்தொடரின் கண்ணிகள் இயற்கையாகவே அறுந்த நிலைகள், எந்தக் கிண்ணச் சோதனையையும்விடத் தெளிவாகப் பேசுகின்றன. ஐஎல்-12 ஏற்பியின் பீட்டா1 சங்கிலி இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு, நம் நாட்டில் பிறந்தவுடன் போடப்படும் பிசிஜி தடுப்பூசியிலுள்ள வலுவிழந்த கிருமியே உடலெங்கும் பரவும் நோயாக மாறக்கூடும்; சால்மோனெல்லா தொற்றும் அவர்களைத் திரும்பத் திரும்பத் தாக்குகிறது. ஸ்டாட்3 மரபணுவில் ஒரு பிரதியில் மட்டும் பழுதுள்ளோருக்கு டிஎச்17 செல்கள் உருவாவதில்லை. தோலிலும் நுரையீரலிலும் ஸ்டஃபைலோகாக்கஸ் சீழ்க்கட்டிகளும் கேண்டிடா பூஞ்சைத் தொற்றும் தொடர்கின்றன. ஃபாக்ஸ்பி3 பழுதுபட்ட ஆண் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே குடல், தோல், கணையம் ஆகியவற்றை உடல் தானே தாக்கும் நோய் மூள்கிறது. ஒழுங்குபடுத்தும் செல்களையும் ஃபாக்ஸ்பி3யின் பங்கையும் வெளிக்கொணர்ந்த பிரன்கோ, ராம்ஸ்டெல், சகாகுச்சி ஆகிய மூவருக்கும் 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தொழுநோயில் மரபுப் பழுது எதுவும் இல்லாமலேயே இரு துருவங்களும் தெரிகின்றன. டிஎச்1 ஓங்கிய டியூபர்குலாய்டு வகையில் திட்டுகள் சில, கிருமிகள் அரிது. டிஎச்2 சார்ந்த லெப்ரோமேட்டஸ் வகையில் தோலெங்கும் கிருமிகள் பெருகியிருக்கும். கிருமி ஒன்றே.

மருந்துகளும் இத்தொடரின் வெவ்வேறு இடங்களில் கை வைக்கின்றன. டுபிலுமாப் ஐஎல்-4 ஏற்பியின் ஆல்ஃபா சங்கிலியை மறித்து ஒவ்வாமைத் தோல் அழற்சியைத் தணிக்கிறது. டோஃபாசிட்டினிப் ஜாக் கைனேஸ்களையே முடக்குகிறது. உஸ்டெகினுமாப் ஐஎல்-12, ஐஎல்-23 ஆகிய இரண்டுக்கும் பொதுவான பி40 துணையலகைப் பற்றுவதால் டிஎச்1, டிஎச்17 இரண்டையும் ஒருசேரத் தொடுகிறது. ஐஎல்-17ஏயை நேரடியாக முடக்கும் செகுகினுமாப் சொரியாசிஸ் நோய்க்குச் சிறந்த மருந்தாக நிலைபெற்றது. குரோன் குடல் நோயிலும் டிஎச்17 செல்கள் மிகுந்திருப்பதால் அங்கும் அது பயன் தரும் என எதிர்பார்த்து நடத்திய, 2012இல் முடிவு வெளியான சோதனையில், மருந்து பெற்றவர்களுக்குப் பயன் கிட்டவில்லை; சிலருக்கு நோய் மோசமடைந்தது, பூஞ்சைத் தொற்றுகளும் கூடின. ஐஎல்-23ஐ மறித்தால் அழற்சி மூட்டும் டிஎச்17 செல்கள் நிலைபெறாமல் தடுக்கப்படுகின்றன. ஐஎல்-17ஐ மறித்தாலோ, குடலின் எபிதீலியத் (உட்புறச் செல் படலத்) தடுப்பைக் காக்க அன்றாடம் சுரக்கும் ஐஎல்-17உம் சேர்ந்தே போய்விடுகிறது. இன்று குரோன் நோய்க்கு ஐஎல்-23ஐ மறிக்கும் மருந்துகள் வழக்கத்தில் உள்ளன; ஐஎல்-17ஐ மறிப்பவை இல்லை.